பதினோராம் தட்டில் ஒரு வெள்ளை டெலிபோன்

பதினோராம் தட்டில் காலை ஏழு மணிக்கு வானத்தைப் போட்டார்கள். அன்றைக்கு லேசாக மேகம் வைத்த வானம். வெறும் நீலம் கண்ணைக் கூசுகிறது என்று ஐந்தாம் எண் வீட்டார் தட்டுச் சபையில் குறைப்பட்டுக்கொண்டதால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மேகம் என்று முடிவாகியிருந்தது. அந்த வானத்தின் கீழ் பவளக்கொடி மகளுக்குத் தலை வாரிவிட்டாள், பாசிமாவில் தோசை வார்த்தாள், கணவன் அறவாழியின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நிலவுத்தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். மேல் தட்டுகளுக்குப் போய் வருகிறவர்களின் சட்டையில்தான் அந்தத் தூசி ஒட்டும். அறவாழி காற்றுக்குழாய்ப் பொறியாளன். மேலே போகாமல் அவனுக்கு வேலை இல்லை. இருந்தாலும் அவள் தினமும் அதை எடுத்தாள்.

நிலவைத் தோண்டிக் கட்டிய ஊர் அது. மேலே காற்று கிடையாது, கதிர்வீச்சைத் தடுக்க எதுவும் கிடையாது. ஆழம் கூடக்கூட ஆயுள் கூடும் என்பதால் வசதியானவர்கள் கீழே கீழே போனார்கள். முதல் தட்டில் இருந்தவர்களுக்கு மின்விளக்குகூட அளந்துதான் கிடைத்தது. தரைமட்டத்திலிருந்து கண்ணாடி பதித்து இறக்கிய ஒளிக்குழாய்களின் வழியாக வடிகட்டாத வெயில் அவர்களுடைய வீட்டு நடுவில் வந்து விழும். ‘மேல்தட்டு’ என்பது அந்த ஊரில் ஒருவரைத் திட்டுவதற்கான சொல்.

பவளக்கொடி முதல் தட்டில் பிறந்தவள். அறவாழியும் அப்படியே. கல்யாணமான பிறகு எட்டு வருடம் ஆறாம் தட்டில் இருந்தார்கள். அது நடுத்தட்டு, யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆறு மாதங்களுக்கு முன்னால் அவனுக்குப் பதவி உயர்ந்து இங்கே வீடு ஒதுக்கினார்கள். குடிவந்த அன்று எதிர்வீட்டுப் பத்மலோசனி அம்மாள் ஒரு கிண்ணத்தில் கீரை மசியல் கொண்டுவந்து, “பூர்வீகம் எட்டா, ஒன்பதா?” என்று கேட்டாள். பவளக்கொடி பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அந்த அசைவை அந்த அம்மாள் ஒன்பது என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பவளக்கொடி ஒன்பதாம் தட்டுக்காரி. ஒரு தலையசைப்புக்குள் இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி அதற்குள் குடியிருக்க முடியும் என்பது அவளுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, எந்த நேரமும் இடிந்து விழும் என்று பயமாகவும் இருந்தது.

அந்தப் பயம் இப்போது ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை.

பத்தாம் தட்டுக்குக் கீழே ஒரு வழக்கம் உண்டு. பூமியிலிருந்து முதல் கப்பல்கள் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு விளையாட்டுச் சாமான்தான் அனுமதி. இருநூறு கிராமுக்கு மேல் போகக்கூடாது. அப்படி வந்த பிளாஸ்டிக் பொம்மை இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கூடத்து மேடையில் இருக்கிறது. அதைப் பாவை என்பார்கள். புதிதாகக் குடிவந்த வீட்டுக்குத் தட்டின் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வந்து பாவையைப் பார்த்து, பாயசம் குடித்துவிட்டுப் போவார்கள். பார்ப்பதற்குப் பொம்மையில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நிறம் இருக்கிறது. கப்பலில் தீப்பிடிக்கக் கூடாது என்று அந்த பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்த மருந்தைச் சேர்த்திருந்தார்கள். புறஊதாக் கதிர் பட்டால் அந்த மருந்துதான் மஞ்சளாகும். ஆழத்தில் இருந்த பாவை வெள்ளையாகவே இருக்கும். வெயிலில் கிடந்தது பழுத்துப்போகும். எந்தச் சான்றிதழும் காட்டாததைப் பொம்மை காட்டிவிடும்.

பவளக்கொடியின் வீட்டுப் பாவை ஒரு டெலிபோன். எண் வட்டத்தைச் சுழற்றினால் உள்ளே மணி கிணுகிணுக்கும். குழந்தையாக இருந்தபோது ஒளிக்குழாயின் கீழே உட்கார்ந்து அதில் யார் யாருடனோ பேசியிருக்கிறாள். கல்யாணத்தின்போது அண்ணன் அதை அவளுக்குக் கொடுத்தான். ஆறாம் தட்டில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. போன வாரம் வெளியில் எடுத்துப் பார்த்தாள். வெந்த பூசணிக்காயின் நிறம்.

“வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் வர்றோம். பெருசா ஒண்ணும் பண்ணாதீங்க, பாயசம் போதும்” என்று பத்மலோசனி அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இவர்களுக்கு முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கே மாதத்தில் காலி செய்துகொண்டு போனார்களாம். ஏன் என்று பவளக்கொடி ஐந்தாம் எண் வீட்டுப் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். “யாரும் அவங்களை ஒண்ணும் சொல்லலையே” என்று அந்தப் பெண் பதில் சொன்னாள். பவளக்கொடியைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ‘ஒண்ணும் சொல்லலை’தான். சொன்னால் பதில் சொல்லலாம், அழலாம், சண்டைகூடப் போடலாம். சொல்லாததை என்ன செய்வது? மகள் நறுமுகைக்கு ஆறு வயது. வந்த புதிதில் விளையாட்டுக்கூடத்தின் சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்த குழந்தை. இப்போதுதான் மூன்று சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்கள். தூக்கத்தில்கூட அவர்கள் பெயரைச் சொல்கிறாள். அந்த மூன்று பெயர்களும் வெள்ளிக்கிழமை மாலையோடு இல்லாமல் போகலாம் என்பதுதான் பவளக்கொடியின் பயம்.

மஞ்சளை எடுக்க வழி இருக்கிறது என்பது முதல் தட்டில் எல்லாருக்கும் தெரியும். தலைமயிரை வெளுக்கவைக்கும் பெராக்சைடு களிம்பைப் பூசி, கண்ணாடித்தாளில் சுற்றி, புறஊதாக் கதிரில் வைக்கவேண்டும். பதினோராம் தட்டு விளக்குகளில் அந்தக் கதிர் இல்லை. சபை பார்த்துப் பார்த்து வடிகட்டிய வெளிச்சம் அது. கதிர் வேண்டுமென்றால் ஒளிக்குழாய்க்குக் கீழே போய் நிற்கவேண்டும். பொம்மையை மஞ்சளாக்கிய அதே வெயில், அது விழுகிற அதே வீடு. நிலவில் ஒரு பகல் பூமிக் கணக்கில் பதினான்கு நாள் நீளும். அந்தப் பகலும் நாளை புதன்கிழமை காலையோடு முடிகிறது. பிறகு பதினான்கு நாள் இருட்டு. இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, டெலிபோனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். ஒவ்வொரு தட்டின் எண்ணையும் லிஃப்ட் உரக்கச் சொல்லிக்கொண்டு போனது. அது அவளைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. நான்காம் தட்டில் ஏறிய ஒருவர் அவளுடைய செருப்பைப் பார்த்தார். மூன்றில் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவள் மட்டும்தான். பை ஒருமுறை அசைந்து உள்ளே மணி கிணுகிணுத்தது. கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தும் பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒளிக்குழாய்க் கண்ணாடி துடைக்கிற வேலைக்குப் போயிருந்தான். அண்ணி கஸ்தூரி வீட்டின் முன்பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. நாற்காலியில் தானே உட்கார்ந்து தன் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“வா நாத்தனாரே. ஒன்றரை வருஷம் கழிச்சு வழி ஞாபகம் வந்துச்சா?”

பவளக்கொடி துண்டை விலக்கிக் காட்டினாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. கஸ்தூரி கடைசிவரை கேட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பவளக்கொடிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்களைப் பார்க்க வரலை, எங்க வெயிலைப் பார்க்க வந்திருக்கே. சரி, அதாச்சும் உனக்கு வேண்டியிருக்கே. குடு இப்படி.”

இருவரும் சேர்ந்து அடியிலிருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றி மணியையும் கம்பியையும் வெளியில் எடுத்தார்கள். சிவப்பு ரிசீவரைத் தனியாக வைத்தார்கள். அதில் களிம்பு பட்டால் சிவப்பும் வெளுத்துவிடும். சோப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, கையுறை மாட்டிக்கொண்டு களிம்பைப் பூசினார்கள். தலைச்சாயத்தின் அந்தக் காரமும் வாசனையும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. கண்ணாடித்தாளைச் சுற்றும்போது இடையில் காற்றுக்குமிழி நிற்கக்கூடாது. நின்றால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகிக் கோடு கோடாகத் தெரியும்.

“பயமா இருக்கா?” என்றாள் கஸ்தூரி.

“இல்லண்ணி.”

“கை இந்த ஆட்டம் ஆடுது. இதோட நீ எங்கே குமிழி இல்லாம சுத்தறது? தள்ளு.”

இருபது வருடம் பிறர் தலையில் தாள் சுற்றிய கை. ஒரு குமிழி இல்லை. ஒளிக்குழாயின் கீழே பலகை போட்டு அதன்மேல் வைத்தார்கள். மணிக்கு ஒருமுறை திருப்பவேண்டும், களிம்பு காய்ந்தால் தாளைப் பிரித்து மறுபடி பூசவேண்டும், சூடேறினால் நிழலுக்கு நகர்த்தவேண்டும். வெயில் கூடத்தின் நடுவில் தூண்போல நின்றது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தபோது பவளக்கொடி முகத்தையும் கைகளையும் துண்டால் மூடிக்கொண்டாள். எட்டு வருடமாகக் கீழே இருந்து மெல்ல மெல்லக் கறுப்பு இறங்கிய தோல் இது. பொம்மை வெளுப்பதற்கும் அவள் கறுப்பதற்கும் ஒரே வெயில்தான் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். அப்போது வந்த ஒரு வாடிக்கைக்காரிக்குத் தலை அலசப் போய்விட்டாள்.

ஆறாவது மணியில் தாளைப் பிரித்துக் கழுவினார்கள். டெலிபோன் வெள்ளையாக இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அதை அந்த நிறத்தில் பார்த்ததே இல்லை. தன் வீட்டுச் சாமானை வேறு யார் வீட்டிலோ பார்த்துவிட்டதுபோல ஒரு கூச்சம் வந்தது. இது தன்னுடையது என்று இனி யாரிடமாவது நிரூபிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு கணம் தோன்றியது.

கிளம்பும்போது கஸ்தூரி, “குழந்தையை ஒருதரம் கூட்டிட்டு வாயேன்” என்றாள்.

“பார்க்கலாம் அண்ணி.”

“பாரு” என்றாள் கஸ்தூரி. சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்ததால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பதினேழு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஒருமுறை டெலிபோன் வட்டத்தைச் சுழற்றி மணி கேட்டு மகிழ்ந்தார்கள். பவளக்கொடி அடுப்படியில் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றினாள். கிண்ணங்களோடு அவள் திரும்பி வந்தபோது பாவை பத்மலோசனி அம்மாளின் கையில் இருந்தது. அந்த அம்மாள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். பிறகு முகத்தருகே கொண்டுபோய், மிக மெல்ல, முகர்ந்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டதாகப் பவளக்கொடிக்குத் தோன்றியது. உண்மையில் நிற்கவில்லை. அவளுடைய காதுதான் அடைத்துக்கொண்டது.

“எல்லாரும் அப்படி உள்ளே உட்கார்ந்து பாயசம் சாப்பிடுங்க, ஆறிடப்போகுது” என்று பத்மலோசனி அம்மாள் மற்றவர்களைச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பினாள். மேடைக்கு முன்னால் இருவர் மட்டும் நின்றார்கள்.

“எத்தனை மணி நேரம் வச்சே?”

இதுவரை ‘நீங்க’ என்றுதான் அந்த அம்மாள் பேசியிருக்கிறாள். பவளக்கொடிக்கு முதலில் உறைத்தது அந்த மாற்றம்தான். மறுக்கவேண்டும் என்று நினைத்தாள். வாயோ, “ஆறு” என்றது.

“ஆறுதானா. நான் ஒன்பது மணி நேரம் வச்சேன். அவசரத்துல சுத்தினதுல தாளுக்குள்ள காத்துப் புகுந்து கோடு கோடா விழுந்துடுச்சு. என் வீட்டுல பாவை மேடையில நான் விளக்கு போடறதில்லை, கவனிச்சிருக்கியா?”

பவளக்கொடி அவளையே பார்த்தாள். அந்தக் களிம்பின் நெடி ஒன்பதாம் தட்டிலோ பத்தாம் தட்டிலோ பிறந்த மூக்குக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது.

“அம்மா, நீங்க…”

“ரெண்டு. கிழக்கு மூலை. அங்கேயும் ஒளிக்குழாய்தான்.” பத்மலோசனி அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை. சாதாரணமாகப் பேசுவதுதான் பாதுகாப்பு என்று நெடுநாள் பழகியவள்போலப் பேசினாள். “இந்தத் தட்டைத் தோண்டியே முப்பத்திநாலு வருஷம்தான் ஆகுது. பத்தை அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி தோண்டினாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி கப்பல்ல வந்தவங்க எல்லாரும் எங்கே இறங்கினாங்க, நேரா இந்த ஆழத்துக்கா? பதினேழு வீட்டுப் பாவையையும் நான் கையில எடுத்துப் பார்த்திருக்கேன். பதினேழுலயும் இந்த வாசனை.”

இன்னதென்று தெரியாத ஒரு சிரிப்பு மேலே ஏறி வந்தது. பவளக்கொடி அதை அடக்கிக்கொண்டு கேட்டாள். “அப்ப எல்லாருக்கும் தெரியுமா?”

“மூக்கு எல்லாருக்கும் இருக்கு. வாயைத்தான் யாரும் திறக்கமாட்டாங்க.”

“பின்னே எதுக்கும்மா வீடு வீடாப் போய்ப் பார்க்கறோம்?”

“பார்க்கப் போகலைன்னா, நமக்குப் பார்க்க பயம்னு நினைப்பாங்க.”

“இங்கே முன்னால இருந்தவங்க?”

“அவங்க வெளுக்கலை” என்று பத்மலோசனி அம்மாள் சொன்னாள். டெலிபோனை மேடையில் நேராக வைத்தாள். சாப்பாட்டு அறைக்குப் போய், பாவையை எவ்வளவு நறுவிசாக வைத்திருக்கிறார்கள், நல்ல பழைய குடும்பம் என்று எல்லாரும் கேட்கும்படி அறிவித்தாள். பெண்கள் தலையை ஆட்டினார்கள். பதினேழு தலைகளில் எதிலும் ஒரு சந்தேகமும் தெரியவில்லை. மறுநாள் நறுமுகையை நான்கு வீடுகளிலிருந்து விளையாடக் கூப்பிட்டார்கள்.

அன்றிரவு பவளக்கொடி நிம்மதியாகத் தூங்கினாள். விழித்தபோது பயம் அவளுக்கு முன்பே எழுந்திருந்தது. முன்பு கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்றுதான். இப்போது எல்லாரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்பது மட்டும் தெரியாது. எதிரில் வருகிற ஒவ்வொரு பெண்ணும் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று தெரிந்தது. அது ஆறுதலாக இருக்கவில்லை. பயந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று தன்னை வைத்தே அவளால் கணிக்க முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து எட்டாம் எண் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவனும் மனைவியும் மருத்துவர்கள். மனைவியின் பெயர் செம்மலர். நறுமுகையின் வயதில் ஒரு பையன். பாவை பார்க்கும் நாளன்று பதினெட்டு வீட்டுப் பெண்களும் போனார்கள். கூடத்தில் மேடை எதுவும் இல்லை. பாவை தரையில் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் குதிரை, காது முதல் குளம்பு வரை அடர்ந்த மஞ்சள். நறுமுகையும் அந்தப் பையனும் அதை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

செம்மலர் அதைக் குழந்தைகளிடமிருந்து வாங்கிப் பெரியவர்களிடம் நீட்டினாள். “எங்களுது முதல் தட்டுங்க. ஒளிக்குழாய்க்கு நேர் கீழே என் தொட்டில். அதுல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. அதான் இப்படிப் பழுத்துப்போச்சு” என்று சிரித்தாள்.

குதிரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே வந்தது. யாரும் அதை முகரவில்லை. அது பவளக்கொடியிடம் வந்தபோது, அந்த அறையிலிருந்த எல்லாக் கண்களும் குதிரையை விட்டுவிட்டுத் தன் முகத்தைப் பார்ப்பதை உணர்ந்தாள். ‘எங்களுதும் அதுதான்.’ இரண்டே சொல். அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அவள் சொன்னால் பத்மலோசனி அம்மாள் சொல்லிவிடக்கூடும், பிறகு ஐந்தாம் எண், பிறகு எல்லாரும். சொல்லாமல் விட்டுவிடவும் கூடும். அப்போது இந்த அறையில் முதல் தட்டுக்காரிகள் இரண்டே பேர்.

செம்மலர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. பவளக்கொடிக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

“பாயசம் நல்லா இருந்துச்சு” என்று சொல்லிக் குதிரையைத் தரையில் வைத்தாள். அறை மூச்சு விட்டது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். இன்னும் கொஞ்சநேரம் விளையாடவேண்டும் என்று அடம்பிடித்த நறுமுகையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்கு அழைத்துப்போய் மகளின் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. அந்த மஞ்சள் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஊறியது. ஆறு மணி நேரம் களிம்புக்குள்ளும் வெயிலுக்குள்ளும் வைத்தாலொழிய அதை விட்டு வராது. எந்தக் கையிலும் ஒட்டாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஒண்ணும் ஒட்டலையேம்மா” என்று நறுமுகை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

பவளக்கொடி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சோப்பை மறுபடியும் எடுத்தாள்.